ஆறு போத்தல் கொய்யா ஜாம்

செம்பவாங்கில் விசாலாட்சி வீட்டுக் கொல்லையில் நின்ற கொய்யா மரம் அந்தப் பிப்ரவரியில் கிறுக்குப் பிடித்ததுபோல் காய்த்தது. மற்ற ஆண்டுகளில் பத்து, பதினைந்து காயோடு நிறுத்திக்கொள்ளும் மரம்தான். டிசம்பர் மழையில் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்ததும் அதற்கு என்ன ரோஷம் வந்ததோ, மிச்சக் கிளைகளில் எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டது. வௌவாலும் மைனாவும் தின்றது போக, தினமும் காலையில் ஒரு வாளிப் பழம் கிடைத்தது. பிளந்தால் உள்ளே ரோஜா நிறம். வாசம் பக்கத்து வீட்டு ஷபானாவின் படுக்கையறை வரை போனது.

விசாலாட்சிக்கு நாற்பத்தாறு வயது. ஒரு பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடும் வேலை. எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தில் எத்தனையாவது நிமிடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பத்தொன்பது ஆண்டுகளாக அவள்தான் தீர்மானிக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பழைய வரிசை வீட்டில் தனியாக இருந்தாள். அண்ணன் அழகப்பன் குடும்பத்தோடு பெர்த்தில் இருந்தான். அவளிடம் சொல்லும்படியான ஒரே கெட்ட பழக்கம், காலையில் ரொட்டியில் ஜாம் தடவுவது. தடவுவது என்று சொல்வது மரியாதைக்காக. அப்புவது என்பதுதான் உண்மை.

ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. "ஜாமை விடணும்," என்றார் பாலிகிளினிக் மருத்துவர். ஒரு மாதம் வெறும் ரொட்டியை மென்ற பிறகுதான் கொல்லை மரத்தை அவள் வேறு கண்ணோடு பார்த்தாள்.

"சீனியே போடாம ஜாம் செஞ்சா என்ன?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டாள்.

ஷபானா மருந்தாளர். முப்பது வயதுதான், ஆனால் அறிவுரை சொல்லும்போது ஐம்பது ஆகிவிடுவாள். "பழத்துலயும் சீனி இருக்குக்கா. பேரீச்சம்பழம் போட்டா அதுலயும் இருக்கு. ஆனா கடை ஜாமுக்கு இது எவ்வளவோ தேவலாம். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன். நீங்க பூசற மாதிரி பூசக் கூடாது."

அந்தச் சனிக்கிழமையே தொடங்கிவிட்டாள். பழங்களை நாலாக வெட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு வேகவைத்து, சல்லடையில் தேய்த்து விதையைப் பிரித்தாள். ஊறவைத்த பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, கை ஓயக் கிளறினாள். இறுகியது. சுவையும் மோசமில்லை. ஆனால் அதை ஊற்றி வைக்க வீட்டில் இருந்தது ஒரு பழைய ஊறுகாய் போத்தல். மூன்று முறை கழுவியும் பயனில்லை. ஒரு மணி நேரம் கழித்து ருசி பார்த்தபோது ஜாமில் பூண்டு மணத்தது.

மிச்ச ஜாமைச் சட்டியோடு மூடி வைத்துவிட்டு, புதுப் போத்தல் வாங்க ரயிலேறி ஜாலான் புசாருக்குப் போனாள். இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே கேக், ரொட்டி செய்யும் பாத்திரங்கள் விற்கும் ஒரு கடை இருந்தது. கடைக்காரர் ஏணியின் உச்சியில், கேக் வளையம் ஒன்றைக் கையில் வளையல்போல் மாட்டிக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பிரபாகர் என்று பெயர் தைத்திருந்தது.

"சின்னக் கண்ணாடிப் போத்தல் வேணும். ஜாம் போடறதுக்கு."

"என்ன ஜாம், மேடம்?"

"கொய்யா. சீனி இல்லாம."

அவர் ஏணியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "சீனி இல்லாமலா? இறுகுதா?"

"கொய்யா தானா இறுகிடும். இனிப்புக்குப் பேரீச்சம்பழம் போட்டேன்."

"கலர்?"

விசாலாட்சி கொஞ்சம் யோசித்தாள். "ரெனவேஷன் நடக்கற வீட்டுல ஈரமா சிமெண்ட் குழைச்சு வச்சிருப்பாங்களே, அது மாதிரி."

பிரபாகர் சிரித்தார். தோள் குலுங்க, ஏணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அலுவலகத்தில் அவள் சொல்லும் எதற்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. இந்த மனிதரை இன்னொரு தடவை சிரிக்கவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தாகம்போல, அவ்வளவு தெளிவாகத் தோன்றியது.

"அன்னாசி போட்டுப் பாருங்க," என்றார் அவர். "நல்லாப் பழுத்தது. சாறை மட்டும் தனியாச் சுண்டக் காய்ச்சினா தேன் மாதிரி வரும். அதைக் கொய்யாவோட சேர்த்தா கலர் மாறாது. ஆனா ஒண்ணு, சீனி இல்லாத ஜாம் வெளிய நிக்காது. பிரிட்ஜுல வச்சு ரெண்டு வாரத்துல சாப்பிட்டு முடிச்சிடணும். எத்தனை போத்தல் வேணும்?"

"இருபத்து நாலு."

அவர் அலமாரியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மறுபடி அலமாரியைப் பார்த்தார். "ஆறுதான் இருக்கு. புதன்கிழமை வாங்களேன். ஸ்டாக் வந்திடும்."

"வரேன்," என்றாள் விசாலாட்சி, ஆறு போத்தலையும் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு.

திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து அன்னாசிச் சாற்றைப் பற்றி யோசித்தாள். உண்மையில் அன்னாசிச் சாற்றைப் பற்றிப் பேசிய வாயைப் பற்றி யோசித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது கிராஞ்சி நிலையம் வந்திருந்தது. செம்பவாங்கைத் தாண்டி நான்கு நிறுத்தம் ஆகியிருந்தது. நிமிடத்தைப் பிடித்துச் சோறு சாப்பிடுகிற விசாலாட்சி, இறங்கி எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போய், வெறும் தண்டவாளத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை வேலை முடிந்து போனாள். "இன்னிக்கும் ஆறுதான் வந்துச்சு, மேடம்," என்றார் பிரபாகர், மிகவும் வருத்தமான முகத்தோடு. சனிக்கிழமையும் ஆறுதான். ஒவ்வொரு முறையும் பேச்சு நீண்டது. ஜாம் கெட்டியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு தட்டைக் குளிரவைத்து, அதில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கோடு இழுக்க வேண்டும், கோடு மூடாமல் நின்றால் சரி என்று சொல்லிக் கொடுத்தார். அதைக் காட்டுவதற்கு ஜாம் இல்லாததால் கல்லாப்பெட்டி மேல் வெறும் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் விவாகரத்து ஆனதையும், பிள்ளைகள் இல்லை என்பதையும், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் கடையிலேயே வந்து உட்கார்ந்திருப்பதையும் இடையில் சொன்னார். அவள் அன்னாசி போட்ட முதல் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தி வானத்தைக் கரண்டியால் அள்ளியதுபோல் நிறம். பிரபாகர் ஒரு பிஸ்கட்டில் தொட்டு வாயில் போட்டார்.  இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். பொட்டலம் முடியும்வரை பேசவே இல்லை.

வீட்டிலோ ரகளை. சீனி இல்லாத ஜாம் சீக்கிரம் கெட்டியாகாது. அடுப்பில் அது எரிமலைபோல் குமிழ்விட்டு வெடிக்கும். சமையலறைச் சுவரில், மின்விசிறியில், விசாலாட்சியின் நெற்றியில் எல்லாம் ரோஜாப் புள்ளிகள். நெற்றியில் புள்ளியோடு ஒரு நாள் அலுவலகக் கூட்டத்துக்கே போய்விட்டாள். புதுப் பொட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்," என்றாள் ஷபானா, சல்லடையைத் தேய்த்தபடி. "தேக்கா சந்தையில கூட இந்தப் போத்தல் டஜன் டஜனாக் கிடைக்குது. நீங்க ஏன் வாரத்துக்கு ரெண்டு தடவை போய் ஆறு ஆறா வாங்கறீங்க?"

"அந்தக் கடை மூடி நல்லா இறுக்கமா இருக்கும்."

"மூடியா?" என்றாள் ஷபானா. அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் சல்லடையைத் தேய்க்கும் வேகம் மாறியது, உள்ளுக்குள் சிரிப்பவர்களின் கை அப்படித்தான் ஆடும்.

நான்காவது முறை போனபோது விசாலாட்சியின் கையெல்லாம் மாவு. பிரபாகர் காட்டிய புது மாவுச் சல்லடையைத் தட்டிப் பார்த்ததன் பலன். "பின்னாடி ரூம்ல சிங்க் இருக்கு," என்றார் அவர், வேறொரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே. சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் அதே போத்தல் படம். எண்ணுவது அவள் தொழில். பதினாறு பெட்டி, பெட்டிக்கு இருபத்து நாலு. முந்நூற்று எண்பத்து நாலு போத்தல். மேல் பெட்டிகளில் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் போன வருடமே வந்தவை.

விசாலாட்சி குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவாமலே நின்றாள்.  பொய் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை, கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவளை மறுபடி வரவைப்பதற்காக ஒரு மனிதர் முந்நூற்று எண்பத்து நாலு போத்தலை ஒளித்து வைத்திருக்கிறார். அவளுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. இடமில்லை. எல்லா இடத்திலும் போத்தல்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இன்னிக்கு எத்தனை போத்தல் இருக்கு?"

பிரபாகரின் காது மடல் சிவந்திருந்தது. "ஆ... ஆறுதான், மேடம்."

"சரி. அப்ப சனிக்கிழமை வரேன்."

தெருவுக்கு வந்து, பக்கத்துக் கடையில் அடுக்கியிருந்த பெயிண்ட் டின்களுக்கு முன்னால் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெயிண்ட் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இப்படி ஏழு முறை போய் நாற்பத்து இரண்டு போத்தல் சேர்ந்தது. வாங்கிய போத்தலை நிரப்பாமல் விட முடியாது, மரமும் நிறுத்துவதாக இல்லை. தின்றது, கொடுத்தது போக முப்பத்து மூன்று போத்தல் குளிர்பெட்டிக்குள் நெருக்கியடித்து நின்றன. கதவு மூட மறுத்தது. நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தாள். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலையில் எழுந்து வந்தபோது குளிர்பெட்டி சத்தமில்லாமல் நின்றது. உள்ளே விளக்கு எரியவில்லை. கீழே ஒரு சிறு குளம்.

ஷபானாவின் குளிர்பெட்டியில் ஆறு போத்தலுக்குத்தான் இடம் இருந்தது. இந்த வெயிலில் மிச்சம் மாலைவரை தாங்காது. விசாலாட்சி கடை ரசீதில் இருந்த எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள்.

"பிரபாகர், பிரிட்ஜ் போச்சு."

"எத்தனை போத்தல்?"

"இருபத்தேழு."

"வரேன்." முகவரிகூடக் கேட்காமல் வைத்துவிட்டார். ஒரு நிமிடம் கழித்து அவரே அழைத்து, "வீடு எங்க?" என்றார்.

நாற்பது நிமிடத்தில் கடை வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே இரண்டு ஐஸ் பெட்டிகள். பிரபாகர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார், மடிப்புகூடக் கலையவில்லை. வேலியோரம் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல் நின்ற ஷபானா அவரை மேலும் கீழும் பார்த்தாள். குழாயில் தண்ணீரே வரவில்லை.

"இவர்தான் அந்த மூடியா, அக்கா?"

விசாலாட்சி வேனுக்குள் ஏறி ஒளிந்துகொண்டாள்.

போகும் வழியிலேயே அட்டவணை போட்டாள். எட்டு வீடு, வீட்டுக்கு ஆறு நிமிடம், பன்னிரண்டரைக்கு எல்லாம் முடியும். ஈசூனில் சக ஊழியர் ஷங்கர் வீட்டிலேயே அது கவிழ்ந்தது. அவர் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டார். ஜாமைத் தோசையில் தடவிச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். நாற்பது நிமிடம் போனது. விசாலாட்சி கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

அங் மோ கியோவில் அவளுடைய மேலதிகாரி திருவாட்டி லிம்மின் வீடு. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மகிழ்ந்தவர், பின்னால் ஐஸ் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து, "யுவர் ஹஸ்பண்ட்?" என்று கேட்டார்.

"நோ," என்றாள் விசாலாட்சி.

"நாட் யெட்," என்றார் பிரபாகர், அதே நொடியில்.

மின்தூக்கியில் இறங்கும்போது இருவரும் மாடி எண்கள் மாறுவதையே அக்கறையாகப் பார்த்தார்கள். பதினொரு மாடி. அவ்வளவு மெதுவாக எந்த மின்தூக்கியும் இறங்கியதில்லை. அதன்பிறகு தோ பாயோவிலும் மற்ற இடங்களிலும் போத்தலைக் கொடுத்தார்கள், சிரித்தார்கள், விடைபெற்றார்கள். வேனுக்குள் மட்டும் பேச்சில்லை. பேச்சில்லாவிட்டாலும் அவளுக்கு மயக்கம் வரும்போல் சந்தோஷமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தாள்.

கடைசியாகத் தேக்கா. அவள் வழக்கமாக மல்லிகைச்சரம் வாங்கும் நாகம்மாவுக்கு இரண்டு போத்தல். நாகம்மா ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்து, "இனிப்பு தெரியாம இனிக்குதே, எப்படிம்மா?" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் அவளுக்கு ஒரு முழம் பூவை வெட்டிக் கொடுத்தார்.

சிராங்கூன் சாலைக்கு வந்ததும் வேன் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சாலையை நிறைத்திருந்தது. விடுமுறை நாள் என்பதால் தீவின் எல்லா மூலையிலிருந்தும் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். வேனை ஒட்டி நின்ற நான்கு பேரில் ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, விக்கிறதா?"

"இல்லப்பா, சும்மா. கொய்யா ஜாம். எடுத்துக்கங்க." மிச்சமிருந்த மூன்று போத்தலையும் கொடுத்துவிட்டாள்.

அவர் பெயர் அங்கமுத்து. செம்பவாங் பக்கம்தான் கப்பல் பட்டறையில் வேலை என்றார். அங்கேயே மூடியைத் திறந்து நால்வரும் ருசி பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மொளகாப் பொடியும் உப்பும் போட்டிருந்தா தொக்கு ஆயிருக்கும்," என்றார் அங்கமுத்து. மற்ற மூவரும் ஆமோதித்தார்கள்.

வேன் ஓர் அங்குலமும் நகரவில்லை. விசாலாட்சி நேராக முன்னால் பார்த்தபடி கேட்டாள்.

"நாட் யெட்னா என்ன அர்த்தம்?"

பிரபாகர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "அது... வாய் தவறி வந்திடுச்சு."

"வாய் தவறியா?"

"இல்ல." மூச்சை இழுத்துவிட்டார். "எனக்குப் பொய் சொல்ல வராது."

"நல்லாவே வருது. ஆறுதான் இருக்குன்னு ஏழு தடவை சொன்னீங்க. உள்ள பதினாறு பெட்டி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பார்த்துட்டீங்களா?"

"பத்து நாளாத் தெரியும்."

"தெரிஞ்சும் வந்தீங்களா?"

"தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் நல்ல கம்மலாப் போட்டுட்டு வந்தேன். நீங்க கவனிக்கவே இல்ல."

"கவனிச்சேன். மொதல்ல பச்சைக் கல். அப்புறம் முத்து. நேத்து சின்ன ஜிமிக்கி." அவர் இப்போது அவள் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தார். "விசாலாட்சி, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"சரி," என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற பேருந்து ஹாரன் அடித்தது. முன்னால் சாலை திறந்துவிட்டிருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"சரி!"

பேருந்து மறுபடி நீளமாக அடித்தது. பிரபாகர் காதில் கையை வைத்துக் குனிந்தார். "கேக்கல!"

"சரின்னு சொன்னேன்!" விசாலாட்சி கத்தினாள். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை.

"அண்ணே!" ஜன்னலுக்குள் பாதி உடம்போடு நுழைந்தார் அங்கமுத்து. "அக்கா சரின்னு சொல்லிட்டாங்கண்ணே! வண்டிய எடுங்க!" நடைபாதையில் யாரோ விசிலடித்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள், விஷயம் நாலு பேருக்குப் போய், நாலு பேரும் கை தட்ட, அது பூக்கடை வரிசைவரை போனது. காரணம் தெரியாதவர்களும் தட்டினார்கள். பேருந்து ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

பிரபாகர் வேனை எடுத்தார். எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒருவழிச் சாலை இழுத்த இழுப்புக்குப் போய், ஜாலான் புசார் வழியாகத் திரும்பி, மறுபடி சிராங்கூன் சாலைக்கே வந்து சேர்ந்தார்கள். கூட்டத்தில் அடையாளம் கண்டவர்கள் கையசைத்தார்கள். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. ஒவ்வொரு முறையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், உடனே சிரிப்பு வந்துவிடும், திரும்ப வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும்.

"யாருக்காவது சொல்லணுமே," என்று விசாலாட்சி பெர்த்துக்கு அழைத்தாள். கைப்பேசியைச் சத்தமாக வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எனக்குக் கல்யாணம்."

அந்தப் பக்கம் அழகப்பன் தன் மனைவியைக் கூப்பிடும் அலறல், ஏதோ பாத்திரம் விழும் சத்தம், "யாரு? எப்ப? என்ன வேலை பாக்கறார்? நல்லவரா?" என்று மூச்சு விடாத கேள்விகள். விசாலாட்சி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள், கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வந்தது. கைப்பேசியைப் பிரபாகரின் வாய்ப்பக்கம் நீட்டிவிட்டாள்.

பிரபாகர் தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அதுவரை பார்த்தே இராத மனிதரிடம், கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்:

"வணக்கம், மச்சான்."